மணி குரைக்காத ராத்திரிகள்

கோத்தகிரியில் வீடு பார்க்கப் போனபோது, வீட்டுக்காரர் அட்வான்ஸ், வாடகை, தண்ணீர் எல்லாம் பேசி முடித்துவிட்டு, "நாய் இருக்குங்களா?" என்று கேட்டார். கோயம்புத்தூரில் இந்தக் கேள்வி வந்தாலே வீடு கிடைக்காது என்று அர்த்தம். அதனால் கொஞ்சம் இழுத்து, "ஒண்ணு இருக்குங்க, ஆனா யாரையும் கடிக்காது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "கடிக்குமான்னு கேக்கலைங்க. ராத்திரி எங்க படுக்கும்னு கேட்டேன்."

அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் எனக்குப் புரிய நாலு மாதம் ஆனது.

2020 கடைசியில், வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு, நானும் மனைவியும் மலை ஏறினோம். கூட வந்தவர்கள் இருவர். மணி, கோயம்புத்தூரில் குட்டியாகச் சாக்கடை ஓரத்தில் கிடைத்த செவலை நிற நாட்டு நாய், அப்போது அவனுக்கு ஆறு வயது. சுந்தரி, யாரையும் மதிக்காத பூனை. வீடு கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் சாலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டிய ஒரு சின்ன ஊரில். முன்பக்கம் தேயிலை, பின்பக்கம் ஒரு ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சோலைக்காடு, நடுவில் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பூ ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து, பட்டாம்பூச்சி பறந்து, நான் போட்டோ எல்லாம் எடுத்து வைத்தேன். அந்தப் புதருக்குள் யார் பகல் முழுக்கப் படுத்துத் தூங்குகிறார்கள் என்று அப்போது தெரியாது.

நாய் இருந்தால் பாதுகாப்பு என்றுதான் நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம். திருடன் வந்தால் குரைக்கும், பாம்பு வந்தால் குரைக்கும். மலையில் அது தலைகீழ். அங்கே நாய்க்கு நாம்தான் காவல்.

அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ராஜா. எங்கள் வீட்டுக்கு மேலே இரண்டு வீடு தள்ளி இருந்த, நல்ல உயரமான, யார் போனாலும் குரைத்தே தீர்க்கும் நாய். மார்ச் மாதம், நல்ல நிலா. ராத்திரி பதினோரு மணி இருக்கும், ராஜா குரைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று சங்கிலி ஒரே ஒரு தடவை 'சளார்' என்றது. அவ்வளவுதான். கத்தவில்லை, அலறவில்லை. சத்தம் நின்றதால்தான் நாங்கள் விழித்தோம் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

காலையில் போய்ப் பார்த்தேன். சங்கிலி கம்பத்திலிருந்து தேயிலைப் பக்கமாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராகக் கிடந்தது. அதன் முனையில் கழுத்துப் பட்டை. பட்டை அறுபடவில்லை. பக்கிள் அவிழவும் இல்லை, எந்தத் துளையில் மாட்டியிருந்ததோ அதே துளையில் மாட்டியபடி வட்டமாக இருந்தது. உள்பக்கம் கொஞ்சம் பழுப்பு முடி. மண்ணில் நாலு சொட்டு ரத்தம்கூட இல்லை. நாயை மட்டும் பட்டைக்குள்ளிருந்து உருவி எடுத்துப் போயிருந்தது. அந்த வட்டத்தைக் கையில் எடுத்தபோது இன்னும் நாய் வாடை அடித்தது.

பக்கத்தில் நின்ற தோட்டத்து அண்ணன், முப்பது வருஷம் தேயிலையில் வேலை பார்த்தவர், மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நாயை வெளியில கட்டிப்போட்டா, அது புலிக்கு இலை போட்டு வெச்ச மாதிரி." இங்கே பேச்சில் சிறுத்தையும் புலிதான். காட்டில் இருப்பது புலி, தேயிலையில் இருப்பது சிறுத்தை என்று நாம் பிரிப்பதெல்லாம் அவர்களுக்கு அவசியமில்லை, எது என்று இடத்தை வைத்தே தெரிந்துவிடும்.

அப்புறம்தான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மகாராஷ்டிராவில் அகோலே என்று ஒரு பகுதி, காடே இல்லாத கரும்புக்காடும் ஊருமான இடம். அங்கே சிறுத்தையின் எச்சத்தை எடுத்து ஆராய்ந்து பார்த்ததில், அது தின்னும் இறைச்சியில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் நாய்தான் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட 39 சதவீதம். ஆடு, மாடு எல்லாம் அதற்குப் பின்னால்தான். யோசித்தால் ஆச்சரியமே இல்லை. மானைத் துரத்த வேண்டும், பன்றி திருப்பி அடிக்கும். நாய் பதினைந்து இருபது கிலோ, தூக்கிக்கொண்டு சுவர் தாண்ட வசதி, தான் எங்கே இருக்கிறேன் என்று ராத்திரி முழுக்கக் குரைத்து முகவரியும் சொல்லிக்கொண்டே இருக்கும். சங்கிலியும் போட்டுவிட்டால் ஓடவும் முடியாது.

ராஜா போன அந்த வாரமே ஊரில் கூட்டம் போட்டார்கள். கூண்டு வைக்கச் சொல்லி வனத்துறைக்கு மனு எழுத வேண்டும் என்று பேச்சு. ராஜாவின் வீட்டு அம்மா அழுதுகொண்டிருந்ததால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, நானும்தான். ஆனால் எனக்கு இதில் சம்மதம் இல்லை. மகாராஷ்டிராவின் ஜுன்னரில் 2001 முதல் 2003 வரை நிறையச் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மனிதர்கள் மீது தாக்குதல் கூடியதே தவிரக் குறையவில்லை. பிடித்த இடம் காலியாகவும் இருப்பதில்லை, அக்கம்பக்கத்திலிருந்து வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதுவும் ஊர் பழகாத இளசாக இருந்தால் இன்னும் தொல்லை. கம்பத்தையும் சங்கிலியையும் அப்படியே வைத்துக்கொண்டு சிறுத்தையை மட்டும் மாற்றி என்ன செய்வது?

இன்னொன்றும் சிலர் காதோடு காதாகச் சொன்னார்கள்: வேலியில் சுருக்குக் கம்பி வைத்துவிடலாம் என்று. தயவுசெய்து வேண்டாம். சிறுத்தை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, கேஸ் ஆனால் ஜெயில்தான். அதைவிட, சுருக்கில் மாட்டுவது எது என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. முதலில் மாட்டுவது பெரும்பாலும் ஊர் நாய்தான்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? முதல் வேலை, மணி வீட்டுக்குள் படுக்க ஆரம்பித்தான். என் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, "நாயை நடுவீட்டுல போடறதா" என்று ஒரு மாதம் போனில் திட்டினார். பிறகு ஒருநாள், குன்னூர் பக்கம் ஒரு வீட்டு வராண்டாவிலிருந்து சிறுத்தை நாயைக் கவ்விக்கொண்டு போகும் சிசிடிவி வீடியோ அவருடைய வாட்ஸ்அப்புக்கே வந்து சேர்ந்தது. அதோடு பேச்சு நின்றது.

வீட்டுக்குள் விட முடியாதவர்களும் இருக்கிறார்கள், தப்பு சொல்ல மாட்டேன். அப்படியென்றால் கூண்டு வேண்டும், ஆனால் கூண்டு என்பது நாலு பக்கம் வலை இல்லை. ராஜா வீட்டில் அடுத்த நாய்க்கு முதலில் கட்டியது அப்படித்தான், மேலே திறந்து, பக்கத்தில் கொய்யா மரம் வேறு. மரம் ஏறத் தெரிந்த விலங்குக்கு இது கதவைத் திறந்து வைத்த மாதிரிதான். கொத்தனார்தான் பார்த்துவிட்டுச் சொன்னார், மேலேயும் மூடணும் என்று. மெல்லிய சங்கிலி வலையை விட்டுவிட்டுக் கனமான வெல்ட்மெஷ் வாங்கி, கூரைக்கும் அதையே அடித்து, கீழே சிமெண்ட் தளம் போட்டு, கதவுக்கு வெளியே கொக்கிக்குப் பதில் தாழ்ப்பாள். சுவரை ஒட்டி உள்ளே ஒரு மரப்பெட்டி, நாய் வலையிலிருந்து தள்ளிப் படுக்க. இது முக்கியம், சிறுத்தை வலைக்கு வெளியிலிருந்தே முன்னங்காலை விட்டுப் பிடிக்கும். கழுத்துப் பட்டை பற்றியும் ஒன்று: இமயமலைப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் நாய்க்கு முள் வைத்த இரும்புப் பட்டை போடுவார்கள், சிறுத்தை கழுத்தைத்தான் பிடிக்கும் என்பதால். இங்கே சிலர் அதைப் பார்த்துச் செய்து போடுகிறார்கள். கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி வெளியில் விடாதீர்கள்.

பின்பக்கத்து உண்ணிச்செடியை வீட்டிலிருந்து பதினைந்து மீட்டர் தூரத்துக்கு வெட்டினோம். வெட்டி விட்டுவிட்டால் மூன்று மாதத்தில் திரும்ப நிற்கும், வேரோடு பிடுங்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை இன்னும் செய்கிறோம்.

இதெல்லாம் ஒருநாள் வேலை. தினமும் உயிரை எடுத்தது வேறு விஷயம், மணியின் மூத்திரம். கோயம்புத்தூரில் ராத்திரி பதினொன்றரைக்கு அவனுக்கு ஒரு ரவுண்டு பழக்கம். இங்கே பதினொன்றரை மணி என்பது மற்றவர்கள் வாக்கிங் போகும் நேரம். ஒரு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை முன்னால் தள்ளி, கடைசித் தண்ணீரை ஏழு மணிக்கு வைத்து, எட்டு மணிக்கு மேல் கதவு கிடையாது என்று கொண்டுவந்தோம். காலையில் நன்றாக விடிந்து ஆறரைக்குத்தான். இடையில் அவசரம் என்றால், அதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறேன். கதவைத் திறக்கும் முன் வெளி லைட், பிறகு ஜன்னலிலிருந்து டார்ச். பெரிய டார்ச், கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, தேயிலை விளிம்பு, ஓடைப்பக்கம், சுவரின் மேல், கடைசியாகக் கூரைமேலும் ஒரு முறை. கண் பளிச்சென்று திரும்பி மின்னினால் கதவு மூடியபடியே இருக்கும், மணி பாத்ரூமில் போகட்டும், கழுவிக்கொள்ளலாம். ஒன்றும் இல்லையென்றால் நாயைக் கயிற்றோடு, நான் முன்னால், சத்தமாகப் பேசிக்கொண்டே. என்ன பேசுவது என்று ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. இப்போது அன்றைக்கு ஆபீசில் யார் யார் மேல் கோபமோ அதை எல்லாம் அந்த ரெண்டு நிமிஷத்தில் தேயிலைக்குச் சொல்லிவிடுகிறேன்.

சோலார் சென்சார் லைட்டும் மாட்டினோம். விலங்கை விரட்டும் என்று விற்கிறார்கள், நாலு நாளில் எல்லாம் பழகிக்கொண்டன. லைட் எரிந்தால் யாரோ நிற்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிகிறது, அந்த மட்டில் லாபம்.

சிறுத்தைக்கு இவ்வளவு பயந்தோம், ஆனால் வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தது கரடி. கோத்தகிரியில் கரடி சகஜம். பேக்கரிக்குள் புகும், கோயிலில் விளக்கு எண்ணெயைக் குடிக்கும், பேரிக்காய் பழுக்கும் காலத்தில் மரத்தில் ஏறி உட்கார்ந்து பாதி தின்று பாதி உதிர்க்கும். எங்களுக்கு வந்தது ஆகஸ்ட்டில், நல்ல மழை. தப்பு என்னுடையதுதான். சாயந்திரம் மணி சாப்பிட்டது போக மீதி இருந்த சோறும் கறிக்குழம்பும் தட்டோடு பின்வாசலில் இருந்தது. கூடவே, நல்லெண்ணெய் டின், கால் லிட்டர் அடியில் கிடந்தது, கழுவலாம் என்று வெளியில் வைத்தது.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சத்தம். வேக்யூம் கிளீனர் போட்ட மாதிரி, 'உர்ர்ஃப்... உர்ர்ஃப்' என்று இழுக்கும் சத்தம். கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் ரெண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானைப் புற்றிலிருந்து உறிஞ்சி எடுக்கும். அன்றைக்கு அந்த இடைவெளி வழியாக என் நாயின் மீதிச் சோறு போய்க்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் கண்ணாடி ஓரம் வழியாகப் பார்த்தேன். மூன்றடி தூரம். நனைந்த கருப்பு முடி, கட்டி கட்டியாக ஒட்டி, நெஞ்சில் அந்த வெள்ளை வளைவு. டின்னை ரெண்டு முன்னங்கால் நடுவில் குழந்தை பால்புட்டி பிடிப்பது போலப் பிடித்துக் கவிழ்த்து நக்கிக்கொண்டிருந்தது. நகம் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம், தகரத்தில் உரசும்போது பல் கூசியது. மணி என் காலுக்குப் பின்னால் முதுகு முடி அத்தனையும் நட்டுக்கொண்டு நின்றான். தொண்டைக்குள் ஒரு மோட்டார் ஓடியது, வாய் திறக்கவில்லை.

நான் தட்டுமுட்டு சாமானைத் தட்டி விரட்டலாமா என்று யோசித்தேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் சரி. முடித்துவிட்டுத் தானாகப் போனது. கரடிக்குக் கண்ணும் காதும் சுமார், மூக்கு மட்டும் பிரமாதம். பக்கத்தில் திடீரென்று எதையாவது பார்த்தால் பயந்து மேலே விழுந்துவிடும், அப்படித்தான் தேயிலை பறிக்கப் போகிறவர்கள் அடிபடுகிறார்கள். அன்றிலிருந்து மணிக்குச் சாப்பாடு சாயந்திரம் ஐந்தரைக்கு, வீட்டுக்குள். தட்டு உடனே கழுவப்படும். குப்பை வீட்டுக்குள் மூடிபோட்ட டிரம்மில், கோழி இறைச்சிக் கழிவு என்றால் ஃப்ரீசரில் கட்டி வைத்து, வண்டி வரும் காலையில்தான் வெளியே. கேட்க அருவருப்பாக இருக்கும், இருக்கட்டும். அதற்குப் பிறகு அந்தக் கரடி மூன்று ராத்திரி வந்து தட்டு இருந்த இடத்தை மோந்து பார்த்தது, நாலாவது நாள் வரவில்லை.

காட்டெருமை விஷயத்தில் நான் செத்துப் பிழைத்தேன், இதை மனைவிக்கு முழுசாகச் சொன்னது இப்போதுதான். காட்டெருமை என்று எல்லோரும் சொல்கிறோம், உண்மையில் அது மாட்டினம். ஒரு டன் எடை வரும் ஆண், முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி, ரோட்டோரத்தில் நிற்கும். பஸ் டிரைவர் ஹார்ன்கூட அடிக்க மாட்டார், நிறுத்திக் காத்திருப்பார். கூட்டமாக இருந்தால் அவ்வளவு பயமில்லை. தனி ஆண்தான் பிரச்சினை.

ஒருநாள் காலை ஏழு மணி, பனி. மணியைத் தேயிலைப் பாதையில் கயிறு இல்லாமல் விட்டிருந்தேன், "நம்ம நாய் சொன்னா கேக்கும்" என்ற திமிர். வளைவு தாண்டி அவன் குரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சுச் சத்தம், பிரஷர் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. அப்புறம் மணி வந்தான், காதை மடக்கிக்கொண்டு, நேராக என்னை நோக்கி. அவனுக்குப் பின்னால் அது.

நாயின் புத்தி அவ்வளவுதான். வம்பை இழுத்துவிட்டு, பாதுகாப்புக்கு நம்மிடம் ஓடிவரும், துரத்துகிற விலங்கையும் கூட்டிக்கொண்டு. கரடியோடும் இதே கதைதான் நடக்கும். நான் பாதையை விட்டுக் கீழ்ப்பக்கத் தேயிலை வரிசைக்குள் விழுந்தேன். குதித்தேன் என்று எழுத ஆசை, விழுந்ததுதான் உண்மை. வெட்டிவிட்ட தேயிலைக் கவாத்துக் குச்சி எல்லாம் ஈட்டி மாதிரி இருக்கும், தொடையில் இன்னும் தழும்பு இருக்கிறது. அது பாதையோடு இருபதடி ஓடி, நின்று, தலையைச் சிலுப்பிவிட்டு, மேல்பக்கம் ஏறிப் போனது. மணி ஏற்கெனவே வீட்டு வாசலில் இருந்தான்.

அதிலிருந்து கயிறு இல்லாமல் ஒரு அடி கிடையாது. இழுத்தால் நீண்டுகொண்டே போகும் ஸ்பிரிங் கயிறு இங்கே வேண்டாம், சாதாரண நாலடி கயிறு. வளைவுக்கு முன்னால் நின்று கைதட்டிவிட்டுப் போவேன். அதையும் தாண்டி ஏதாவது நேராக ஓடிவந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும். மனசு கேட்காது, ஆனால் கயிற்றில் இருவரும் சிக்கினால் இருவரும்தான். நாய் நம்மைவிட வேகமாக ஓடும்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் பொதுவான வெள்ளையன் என்று ஒரு நாய் உண்டு. அவன் முள்ளம்பன்றியிடம் மாட்டியதைப் பார்த்த அன்றைக்குத்தான் மணிக்கு நன்றி சொன்னேன், இந்த விஷயத்திலாவது கோழையாக இருப்பதற்கு. மூக்கிலும் உதட்டிலும் மார்பிலுமாக முள் நட்டு நின்றது, ஊதுபத்தி ஸ்டாண்டு மாதிரி. முள்ளம்பன்றி முள்ளை எறியும் என்பது கதை. பின்பக்கமாக ஓடிவந்து குத்தும். முள்ளைப் பாதியில் வெட்டிவிட்டால் காற்று இறங்கி சுலபமாக வரும் என்று ஒருவர் கத்தரிக்கோலோடு வந்தார், தடுத்தோம். வெட்டினால் உள்ளே பிளந்து முறிந்துதான் போகும். நாயின் வாயைத் துணியால் கட்டவும் முடியாது, முள் இருக்கிறதே. கோணிப்பையில் உடம்பைச் சுற்றி ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனோம். மயக்க ஊசி போட்டு டாக்டர் எடுத்த முள் பதினொன்று. பன்னிரண்டாவது ஒன்று நாக்குக்குக் கீழே இருந்திருக்கிறது, பத்து நாள் கழித்துச் சீழ் பிடித்துத்தான் தெரிந்தது. எனவே வாய்க்குள் முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள், மயக்கத்தில் இருக்கும்போதே.

மலையில் இருந்துகொண்டு மலையை மட்டும் சொன்னால் சரியாக இருக்காது. கீழே காரமடைப் பக்கம் நண்பன் ஒருவன் தோட்டம் வைத்திருக்கிறான். அங்கே சிறுத்தையைவிடப் பயப்பட வேண்டியது அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்கு என்று வெடிமருந்தை உருட்டி, தின்பண்டத்துக்குள் மறைத்து வேலியோரம் போட்டுவிடுவார்கள். கடித்தால் வெடிக்கும். யானைகள் வாய் சிதைந்து பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. நண்பனின் நாயும் அப்படித்தான் போனது, அந்த நாளைப் பற்றி அவன் பேசுவதில்லை, நானும் எழுதப் போவதில்லை. தோட்டத்தில் நாய் வளர்ப்பவர்கள், கீழே கிடப்பதை எடுக்கக் கூடாது என்று குட்டியிலேயே பழக்குங்கள். 'உட்கார்', 'கை கொடு' எல்லாம் அப்புறம் சொல்லிக் கொடுக்கலாம். அவுட்டுக்காய் கண்ணில் பட்டால் காலால்கூடத் தொடாமல் போலீசுக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

அதே தோட்டத்தில் அவனுடைய இன்னொரு நாயைக் கண்ணாடி விரியன் கடித்தது. முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது. மஞ்சள் பத்து, வேப்பிலை என்று ஆரம்பித்தவர்களைத் தள்ளிவிட்டு, நாயை நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் போட்டான். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. அதற்கான விஷத்தை மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. பிரச்சினை என்னவென்றால் எல்லாக் கால்நடை மருத்துவரிடமும் அது கையில் இருக்காது. முதல் இடத்தில் இல்லை என்று சொல்லி, இரண்டாவது இடத்தில் கிடைத்தது. பிழைத்தது. பாம்பு கடித்த பிறகு போன் போட்டுத் தேடாமல், ஒரு சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமை நாலு இடத்துக்குப் போன் செய்து கேட்டு, இருக்கும் இடத்தின் எண்ணைக் கதவில் ஒட்டி வையுங்கள். மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது, ஆனாலும் மருத்துவரிடம் போக வேண்டியதுதான், வலிக்கும் வீக்கத்துக்கும் வைத்தியம் உண்டு.

பெரிய விலங்குகளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் இந்த ஐந்து வருஷத்தில் சிறுத்தை எடுத்த நாய்கள் நாலு. உண்ணிக் காய்ச்சலில் போனவை அதைவிட அதிகம். யாரும் அதற்குக் கூட்டம் போடவில்லை. மான், பன்றி எல்லாம் நடக்கும் புல்லில்தான் நாயும் நடக்கிறது. மணிக்கு மாதாமாதம் மாத்திரை, தினமும் சாயந்திரம் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் தடவிப் பார்ப்பது. ரெண்டு நாள் சாப்பிடாமல் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு ஓடிவிடுவோம். மழைக்காலத்தில் அட்டை. ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் சொட்டித் தும்மிக்கொண்டே இருந்தால் உள்ளே அட்டை இருக்க வாய்ப்பு அதிகம். ஓடைத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

தடுப்பூசியைப் பற்றிச் சொன்னால் கொட்டாவி விடுவீர்கள் என்று தெரியும். வெறிநாய்க்கடி ஊசியை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான ஊசியைத்தான் விட்டுவிடுகிறார்கள். அது நம் நாய்க்கு மட்டுமான ஊசி இல்லை. 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோது அவற்றில் இருந்தது அந்த வைரஸ்தான். சிறுத்தைக்கும் வரும், செந்நாய்க்கும் வரும். நோயோடு அலையும் ஒரு நாயைச் சிறுத்தை தின்றால், அந்தச் சிறுத்தையின் கதை என்ன? அதனால் வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையனுக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம், காசு ஊரில் பிரித்துக்கொள்வோம்.

சுந்தரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவள் ஐந்து மணிக்கு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், கருவாட்டு வாசனைக்கு வந்துவிடுவாள். பகலிலும் வெளியே விடுவதைக் குறைத்தோம், காரணம் அவளுக்கு ஆபத்து என்பது பாதி, அவள் கொன்று கொண்டுவந்து போடும் குருவிகள் மீதி.

மணிக்கு இப்போது பதினொரு வயது. காது கொஞ்சம் மந்தம். ஆனால் மூக்கு அப்படியே இருக்கிறது. அவன் சொல்வதைக் கேட்கவே எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. காட்டெருமை என்றால் குரைப்பான், பத்துப் பன்னிரண்டு தடவை, சலிப்போடு, பால்காரரைக் குரைப்பது போல. பன்றி என்றால் கதவைப் பிறாண்டுவான். கரடி என்றால் அந்தத் தொண்டை மோட்டார். சிறுத்தை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டான். எழுந்து, கட்டிலுக்கு அடியில் போய், சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொள்வான்.

போன வாரம் அப்படிப் போனான். மணி ஒன்றே முக்கால். வெளியே சென்சார் லைட் எரிந்து, அணைந்தது. நான் எழுந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன், அலமாரி மேல் சுந்தரி இருப்பதைப் பார்த்தேன், மணியின் முதுகில் ஒரு கையை வைத்தேன், லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. டார்ச்சை எடுக்கவில்லை. திரும்பப் படுத்துத் தூங்கியும்விட்டேன்.

காலையில் பின்வாசல் ஈரமண்ணில் ஒரே ஒரு தடம் தெளிவாக இருந்தது, வட்டமாக, நகம் பதியாமல். நாய்த்தடமாக இருந்தால் நகம் தெரியும். மணி வாசற்படியிலேயே நின்று அதைப் பார்த்துவிட்டு, மூத்திரத்தை முன்வாசலில் போய்க்கொள்கிறேன் என்று திரும்பிவிட்டான். சுந்தரி மட்டும் போய் மோந்து பார்த்தாள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து காலை நக்க ஆரம்பித்தாள்.